சாய்தளம், கைப்பிடி, இழுவைக் கதவு: சுங்கை சிப்புட் இரும்புப் பட்டறை ஒன்றின் வேலையைப் பற்றி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஜாலான் லிந்தாங் பக்கம் ஒரு சீனர் இரும்புப் பட்டறை இருக்கிறது. அப்பாவும் மகனும் நடத்துகிறார்கள், நம்மவர் ஒருவர் ஃபோர்மேனாக இருக்கிறார். வீட்டுக் கேட், ஜன்னல் கிரில், கார் நிறுத்தும் கூரை, தண்ணீர்த் தொட்டிக்கு இரும்புக் கால் என்று ஊரில் எல்லோரும் செய்யும் வேலையைத்தான் அவர்களும் செய்கிறார்கள். என் அண்ணன் வீட்டில் சக்கர நாற்காலி ஏறி இறங்கச் சாய்தளம், குளியலறைக் கைப்பிடிகள், இழுவைக் கதவு எல்லாம் செய்து கொடுத்தது இவர்கள்தான். அண்ணி அந்தப் படங்களை முகநூலில் போட்ட நாளிலிருந்து, "யார் செஞ்சது, எவ்வளவு ஆச்சு, காசுக்கு என்ன பண்ணீங்க" என்று முன்பின் தெரியாதவர்கள்கூட எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். பெரும்பாலும் வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்கள். ஆளாளுக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருக்காமல் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

கடைப் பெயரை மட்டும் போடவில்லை. பெரிய தவுக்கே, அதாவது முதலாளியான அந்த அப்பா, வேண்டாம் என்றார். தான் வெறும் கேட் செய்கிறவன், தன்னை மருத்துவச் சாமான் செய்கிறவன் என்று யாரும் நினைத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. அதில் நியாயம் இருக்கிறது, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நோயைப் பற்றி. அண்ணனுக்கு ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா. சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகும் பரம்பரை நோய். நடை தள்ளாடும், பேச்சு குழறும், ஒரு பொருளை எடுக்கக் கை நீட்டினால் பக்கத்தில் போகப்போக நடுக்கம் கூடும். நாளாக நாளாக விழுங்குவதும் சிரமமாகும். தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதை நிறுத்தும் மருந்து இல்லை. நடைப்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் உதவுகின்றன, ஆனால் நோய் அதன் வழியில் போய்க்கொண்டுதான் இருக்கும்.

எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். நாற்பதைத் தாண்டிய பிறகு அவர் நடை தள்ளாட ஆரம்பித்தது, பேச்சும் இழுத்தது. தோட்டம் முழுக்க ஒரே பேச்சு: குடி. கள்ளுக்கடை வாசலை மிதிக்காத மனுஷன், குடிகாரன் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தார். அப்பாவுக்கு இருந்தது என்ன என்பது, பல வருஷம் கழித்து அண்ணனுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அவருக்கும் அதே பேச்சு வந்தது. காலை எட்டு மணிக்கு பசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்து வந்தவரைப் பார்த்து, "காலையிலேயே ஏத்திக்கிட்டான்" என்று என் காது கேட்கச் சொன்னார்கள்.

இதை ஏன் ஒரு பட்டறை விமர்சனத்தில் எழுதுகிறேன் என்றால், உதவி கேட்டுப் போகும் வீட்டு வாசலில் நமக்கு முன்னால் போய் நிற்பது இந்தப் பேச்சுதான். குடிகாரனுக்கு எதற்குக் காசு என்று முகத்தில் தெரியும், வாய்விட்டும் சொல்வார்கள். அதனால் நாங்கள் முதலில் செய்தது, மருத்துவர் கடிதத்தில் இருந்ததை ஒரே பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, பின்பக்கம் மலாயில் எழுதி, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டது. காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதைப் படித்துப் பார்க்கச் சொன்னோம். அப்பாவைத் தெரிந்த ஒரு பாட்டி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்படின்னா உங்கப்பன் குடிக்கலையாடி" என்று கேட்டு அழுதுவிட்டார். அந்த ஒரு பக்கத் தாள் எங்களுக்குப் பணத்தைவிடப் பெரியது.

சரி, பட்டறைக்கு வருகிறேன்.

அண்ணன் இருப்பது தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒரு மலிவு விலை வரிசை வீடு, வாடகைக்கு. தரையிலிருந்து வராந்தாவுக்கு இரண்டு படி, மொத்தம் பதினான்கு அங்குலம். இந்த நாட்டுக் கட்டடங்களுக்கான எம்எஸ் 1184 தரநிலை சொல்லும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். அப்படியானால் பதினான்கு அடிச் சாய்தளம் வேண்டும். கேட்டுக்கும் வராந்தாவுக்கும் இடையில் அவ்வளவு நேர் இடம் கிடையாது. நாங்கள் விசாரித்த வேறு ஒருவர், படியின் மேலே ஐந்தடித் தகடு ஒன்றைப் போட்டுவிட்டால் போதும், இருநூறு வெள்ளியில் (ரிங்கிட்) முடித்துவிடலாம் என்றார். ஐந்தடியில் பதினான்கு அங்குலம் ஏற வேண்டும் என்றால், எண்பது கிலோ ஆளை உட்காரவைத்து அண்ணி எப்படித் தள்ளுவார்? இறங்கும்போது யார் பிடிப்பது?

இந்தப் பட்டறையின் மகன் வந்து அளந்த விதம் வேறு. நான் தையல்காரி. யார் எப்படி அளவெடுக்கிறார்கள் என்பதில் என் கண் தானாகப் போய் நிற்கும். அவர் டேப்பை எடுப்பதற்கு முன்னால் அண்ணனைச் சக்கர நாற்காலியில் உட்காரச் சொல்லி வீட்டுக்குள் ஒரு சுற்று தள்ளச் சொன்னார். எங்கே முட்டுகிறது, எங்கே திரும்ப முடியவில்லை என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுக்கொண்டே பின்னால் வந்தார். அண்ணன் முழங்கை நாற்காலிக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் அளந்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் இவர் எப்படி இருப்பார், எழுந்து நிற்பாரா, என்று மலாயில் நிதானமாக, அண்ணனைப் பார்த்தே கேட்டார். எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. அண்ணன், "நிக்க மாட்டேன், உட்கார்ந்துதான் இருப்பேன்" என்றார். "அப்ப அதுக்கும் சேர்த்துச் செய்யணும்" என்று எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு கேள்விக்காகவே நான் இவர்களைச் சிபாரிசு செய்வேன். வளர்ந்துகொண்டே போகும் நோய்க்கு இன்றைய நிலையை மட்டும் அளந்து செய்தால், செய்து முடித்து வர்ணம் காய்வதற்குள் அது பழசாகிவிடும். வசூல் செய்த பணம் மறுபடி வராது. ஒரே நோய்க்கு இரண்டாம் தரம் கை நீட்டினால் எத்தனை பேர் கொடுப்பார்கள்?

அதனால் அவர்கள் எதையும் நிரந்தரமாகப் பற்றவைக்கவில்லை. சாய்தளம் மூன்று துண்டு. வராந்தாவின் பக்கவாட்டிலிருந்து சுவரோரமாக ஏழடி இறக்கம், மூலையில் நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடிச் சமதளம், அங்கிருந்து கேட்டை நோக்கி இன்னோர் ஏழடி. மூன்றும் ஒன்றோடொன்று போல்ட்டில் இணைகின்றன. சிமெண்டு இல்லை, தரையை உடைக்கவில்லை. வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரும் இதற்கு உடனே சம்மதித்தார். நாளைக்கு வீடு மாறினால் கழற்றி ஒரு சின்ன லோரியில் ஏற்றிக்கொண்டு போகலாம், கால்களில் திருகு வைத்திருப்பதால் புது வீட்டின் உயரத்துக்குக் கொஞ்சம் ஏற்றி இறக்கவும் முடியும். கைப்பிடிக் கம்பிகள் குழாய்க்குள் குழாயாக நிற்கின்றன. இரண்டு அங்குலத்துக்கு ஓர் ஓட்டை. இப்போது அண்ணன் ஆள் துணையோடு பிடித்து நடக்கும் உயரத்தில் இருக்கிறது, நாற்காலியே கதி என்று ஆகும்போது ஸ்பேனர் வைத்து இறக்கிக்கொள்ளலாம். பள்ளிச் சீருடை தைக்கும்போது பிள்ளை வளரும் என்று உள்ளே துணி விட்டுத் தைப்போமே, அதை இவர்கள் இரும்பில் செய்திருக்கிறார்கள்.

அளந்துவிட்டுப் போன கையோடு விலைப்பட்டியலும் கொடுத்தார்கள், இலவசமாக. அந்தத் தாள்தான் எங்கள் வசூலை நடத்தியது என்று சொல்ல வேண்டும். மொத்தமாக இவ்வளவு என்று கிறுக்கிக் கொடுக்காமல், வேலை வாரியாகப் பிரித்து, எந்த இரும்பு, எத்தனை அங்குலக் குழாய் என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். சாய்தளம் இரு பக்கக் கைப்பிடியோடு 2,800 வெள்ளி. குளியலறைக் கைப்பிடிகள் துருப்பிடிக்காத இரும்பில் 650. குளியலறைச் சுவரை வெட்டி அகலமாக்கி இழுவைக் கதவு வைப்பது, கொத்தனார் கூலி உட்பட 1,150. கட்டிலருகே பிடித்து எழுந்திருக்கக் கம்பி 200. ஆக மொத்தம் 4,800.

அதற்கு முன்னால் எங்களை இன்னொருவர் அணுகியிருந்தார். நோயாளிகளைக் காணொளி எடுத்து இணையத்தில் போட்டு நிதி திரட்டித் தருகிறவர். வருவதில் ஒரு பங்கு அவருக்கு. அது பரவாயில்லை என்றுகூட நினைத்தோம், உழைப்புக்குக் கூலி. ஆனால் அண்ணன் வாசலிலிருந்து தவழ்ந்து வருவதுபோல ஒரு காட்சி வேண்டும் என்றார். அண்ணன் வீட்டில் தவழ்வது உண்மைதான், சில இரவுகளில் குளியலறைக்கு அப்படித்தான் போவார். அதை ஊர் பார்க்க வேண்டியதில்லை. "என் கால்தான் போச்சு" என்று மட்டும் சொன்னார் அண்ணன். நாங்கள் அந்த ஆளை அனுப்பிவிட்டோம்.

அண்ணன் முகத்துக்குப் பதிலாக விலைப்பட்டியலையும், பட்டறை மகன் போட்டுக் கொடுத்த சாய்தளப் படத்தையும் தெரிந்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினோம். பதினான்கு அடி, 2,800 வெள்ளி, அடிக்கு இருநூறு. "ஓர் அடி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினேன். மக்கள் எடுத்துக்கொண்டார்கள்! அண்ணனோடு லோரி ஓட்டியவர்கள் சேர்ந்து இரண்டு அடி. என்னிடம் ஜாக்கெட் தைக்கும் ஆசிரியைகள் கூட்டாக ஓர் அடி. சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணனின் பள்ளித் தோழர் ஓர் அடி. இருநூறு முடியாதவர்கள் அங்குலக் கணக்கில் கொடுத்தார்கள். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தா பத்து வெள்ளியைக் கையில் வைத்து, "சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியாத்தான் சேர்த்தாரு, தோட்டத்தையே வாங்கினோம்" என்றார். துன் சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டத் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்தவர். இந்த ஊரில் பத்து வெள்ளி கொடுக்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

வீடு வீடாகத் தட்டி வசூல் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க: அதற்குக் காவல்துறை உரிமம் வேண்டும். வீட்டுக்கு வீடு, தெருவோர வசூலுக்கு என்றே 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தெரியாத தாமானுக்குள் நுழைந்துவிடாதீர்கள். நாங்கள் தெரிந்தவர்கள் வட்டத்தோடும் பிரியாணிக் கூப்பனோடும் நிறுத்திக்கொண்டோம். கூப்பன் பத்து வெள்ளி, கோழிப் பிரியாணி, கல்யாணச் சமையல் செய்யும் அக்காமார் கூலி வாங்காமல் வந்து சமைத்தார்கள். அரிசி ஒரு கடைக்காரர் கொடுத்தது. செலவு போக 1,900 வெள்ளி நின்றது. அண்ணன் வேலை செய்த இடத்து நண்பர்கள் தனியாக 800 சேர்த்துக் கொடுத்தார்கள். சாய்தளத்தின் 2,800-உம் சேர்த்து 5,500. ஒவ்வொரு ரசீதையும் அதே குழுக்களில் போட்டோம். போல்ட் வாங்கிய ரசீது உட்பட. பட்டறையும் இதற்கு ஒத்துழைத்தது: முன்பணம், சாமான் வந்ததும், வேலை முடிந்ததும் என்று மூன்று தவணைக்குச் சம்மதித்து, மூன்றுக்கும் தனித்தனி ரசீது கொடுத்தார்கள். கடைசித் தவணையில் கட்டில் கம்பிக்கான இருநூறைப் பெரியவர் வாங்க மறுத்துவிட்டார். மீந்த 900 வெள்ளி தனியாக இருக்கிறது.

இப்போது குறைகள்.

நாள் தள்ளிக்கொண்டே போனார்கள். தீபாவளி நேரம், ஊரெல்லாம் கேட்டுக்கு வர்ணமும் கிரில்லும் மாற்றும் நேரம். எங்கள் வேலை பின்னுக்குப் போனது. தொலைபேசியையும் எடுக்கவில்லை. நானே நேரில் போய் நின்ற பிறகுதான் ஃபோர்மேன் ஒரு தேதி சொன்னார், அந்தத் தேதிக்கு வந்தும் விட்டார்கள். பணம் கொடுத்தவர்கள் "எங்கே சாய்தளம்" என்று கேட்க ஆரம்பித்திருந்த நேரம் அது. வசூல் பணத்தில் செய்யும் வேலைக்குத் தாமதம் என்பது வெறும் தாமதம் இல்லை, நம் பேர் சம்பந்தப்பட்டது. பண்டிகைக் காலத்தில் இவர்களிடம் வேலை கொடுக்காதீர்கள்.

அடுத்தது வழுக்கல். மேலே போட்டது புடைப்பு வரி வைத்த செக்கர் தகடு. அது வழுக்காது என்று எல்லோரும் நம்புகிறோம். எங்கள் ஊரில் பேய் மழை பெய்த ஒரு சாயங்காலம் அண்ணி ரப்பர்ச் செருப்போடு நாற்காலியைத் தள்ளியபோது கால் வழுக்கியது. கைப்பிடி இருந்ததால் தப்பித்தார். சொன்னவுடன் மகன் வந்து பார்த்தார், வாதம் பண்ணவில்லை. தகட்டைச் சுரண்டி, எபாக்சி வர்ணத்தில் மணல் கலந்து இரண்டு பூச்சு பூசிவிட்டார். இப்போது மணல்தாள்போல் சொரசொரப்பாகப் பிடிக்கிறது. ஆனால் இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். நீங்கள் செய்யக் கொடுத்தால் ஆரம்பத்திலேயே கேட்டு வாங்குங்கள், அல்லது வலைபோல் ஓட்டை உள்ள இரும்புத் தகடு போடச் சொல்லுங்கள். தண்ணீர் நிற்காது.

சத்தமும் இருந்தது. ராத்திரி பூனை ஓடினால்கூடத் தகடு தடதடக்கும். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) பாவம், ஒன்றும் சொல்லவில்லை. துண்டுகள் இணையும் இடத்தில் ரப்பர் பட்டை வைத்த பிறகு அடங்கியது. சாக்கடையோரம் நிற்கும் இரண்டு கால்களில் பற்றவைத்த இடத்தில் இப்போதே துரு தெரிகிறது. துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு போட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. விலை கூடும் என்று அவர்கள் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை.

குளியலறை வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பழைய கதவு இருபத்து நான்கு அங்குலம். சக்கர நாற்காலியின் மொத்த அகலம் அதைவிட அதிகம், நுழையவே நுழையாது. அதனால்தான் அந்தத் தவழல். இப்போது முப்பத்து நான்கு அங்குலத் திறப்பு. கதவு சுவரோரமாக மேலே தொங்கி ஓடுகிறது. கீழே தண்டவாளம் இல்லை, சக்கரம் இடறாது. கைப்பிடி அரை வட்டமாகப் பெரியது. விரலால் கொக்கியைத் தேடிப் பிடிக்க அண்ணனால் முடியாது, முழங்கையாலேயே தள்ளித் திறக்கிறார்.

கம்பிகளைப் பொருத்திய முறையைக் கிட்ட நின்று பார்த்தேன். இந்த வகை வீடுகளில் சுவர் ஒற்றைச் செங்கல், மேலே ஓடு. வெறும் திருகு போட்டால் ஆள் எடைக்கு ஓடோடு பிய்த்துக்கொண்டு வரும். ஃபோர்மேன் சுவரை ஊடுருவித் துளைத்து, மறுபக்கம் உள்ளங்கை அகல இரும்புத் தகடு வைத்து, போல்ட்டைச் சுவரின் இரு பக்கமும் இறுக்கினார். பூச்சு காயும்வரை யாரையும் தொட விடவில்லை. மறுநாள் வந்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக் காலை மடக்கித் தொங்கினார். அவரும் நல்ல கனமான ஆள். இறங்கி, ஓட்டைத் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டு, மறுபடி தொங்கினார். அப்புறம்தான், "அண்ணே, இப்ப நீங்க பிடிங்க" என்றார். கம்பியின் வழவழப்பு ஈரக் கைக்கு ஆகாது என்று பார்த்து, பூப்பந்து மட்டைக்குச் சுற்றும் பட்டையைச் சுற்றிவிட்டுப் போனார். அது பட்டியலில் இல்லாத வேலை.

இன்னொன்றும் செய்தார்கள். ஆஸ்பத்திரி தெரப்பிஸ்ட், அட்டாக்சியா உள்ளவர்களுக்கு நடைச்சட்டம் கொஞ்சம் கனமாக இருந்தால் நடுக்கத்துக்கு நிலைகொடுக்கும் என்று சொல்லியிருந்தார். அலுமினியச் சட்டம் அண்ணன் கைநடுக்கத்தில் அதுவே ஆடும். தெரப்பிஸ்ட் சொன்ன எடைக்கு இரும்புப் பட்டைகள் வெட்டி, முனைகளை ராவி, கீழ்க்கம்பியில் கழற்றும்படி மாட்டிக் கொடுத்தார்கள். எடை எவ்வளவு என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், தெரப்பிஸ்ட் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மின்சாரச் சக்கர நாற்காலி ஏன் வாங்கவில்லை என்று பலர் கேட்கிறீர்கள். வாங்கித் தருகிறோம் என்று சொன்னவர்களும் உண்டு. ஈப்போவில் ஒரு கடைக்கு அண்ணனைக் கூட்டிப்போய் ஓட்டிப் பார்த்தோம். 3,900 வெள்ளி, மடிக்கலாம், பார்க்க நன்றாக இருந்தது. ஓட்டுவது ஒரு சின்னக் குச்சியால். அண்ணன் கை அதை நெருங்கும்போதே நடுங்குகிறது. நாற்காலி அந்த நடுக்கத்தையெல்லாம் கட்டளையாக எடுத்துக்கொண்டு இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் போய் அலமாரியில் மோதியது. பழகினால் சரியாகிவிடும் என்றார் விற்பனையாளர். இந்த நோயில் கை நாளுக்கு நாள் மோசமாகுமே தவிரப் பழகாது. நடுக்கத்தை வடிகட்டும்படி கணினியில் சரிசெய்யக்கூடிய கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள நாற்காலிகள் இருக்கின்றன, விலை எங்கேயோ நிற்கிறது. பின்னால் நிற்பவர் ஓட்டும் வகையும் உண்டு. அண்ணியின் தோள் ஒத்துழைக்காத நாள் வந்தால் அதைப் பார்ப்போம். வசூல் பணத்தில் எது வாங்கினாலும் நோயாளியின் கையில் கொடுத்து ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கையால் தள்ளும் நாற்காலி எங்களுக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மூலம் வந்தது. அண்ணன் சந்தா கட்டிய தொழிலாளி. அறுபது வயதுக்குள் நோயால் வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கு, மருத்துவ வாரியம் உறுதிப்படுத்தினால், ஊனநிலை ஓய்வூதியம் உண்டு. அதற்குச் சந்தாக் கணக்கும் பொருந்த வேண்டும். எப்போதும் ஓர் ஆள் துணை தேவை என்று வாரியம் சொன்னால் மாதம் 500 வெள்ளி துணைப்படியும் உண்டு. சக்கர நாற்காலி போன்ற சாதனங்கள் மறுவாழ்வு உதவியில் வரும். சொக்சோ இல்லாதவர்கள் ஓ.கே.யு. அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்துக்கொண்டு சமூக நல இலாகாவில் துணைச் சாதன உதவிக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவர் பரிந்துரையும் விலைப்பட்டியலும் கேட்பார்கள். அட்டை இருந்தால், வரி கட்டும் கணவனோ மனைவியோ சாதனச் செலவில் 6,000 வெள்ளி வரை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆகவே நாற்காலிக்காக ஊரில் வசூல் செய்யாதீர்கள். அரசாங்க வழியில் கிடைப்பதை அங்கே வாங்கிக்கொண்டு, வாசற்படி, கதவு, குளியலறை என்று வீட்டோடு ஒட்டிய வேலைக்கு ஊர்ப் பணத்தை வையுங்கள். நாற்காலி கொடுக்க நிறையப் பேர் முன்வருகிறார்கள், அதோடு நின்று படம் எடுக்க முடியும். குளியலறைக் கம்பிக்குப் பக்கத்தில் நின்று யாரும் படம் எடுப்பதில்லை. அப்படி வந்த ஒரு நாற்காலியின் கைப்பிடி கழற்ற முடியாதது. கட்டிலிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து உட்காரவே முடியவில்லை. அதைத் தேவைப்பட்ட இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

இனி, பெரிய தவுக்கே ஏன் பெயர் வேண்டாம் என்றார் என்பது. அடுத்த கட்டம் அண்ணனைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைப்பது. இப்போதே அண்ணிக்கும் அவர்கள் மகனுக்கும் முதுகு போகிறது. கூரையில் ஒரு உத்தரம் போட்டு, சங்கிலிக் கப்பி மாட்டி, பட்டையில் உட்காரவைத்துத் தூக்கலாமே என்று நானே பட்டறையில் கேட்டேன். பட்டறை மகன் படம்கூடப் போட ஆரம்பித்துவிட்டார். பெரியவர் எழுந்து வந்து தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். இயந்திரம் தூக்கும் கப்பியில் மனுஷனைத் தூக்க மாட்டேன், அந்த வீட்டுக் கூரை தாங்குமா என்று எனக்குத் தெரியாது, அறுந்தால் என்ன பண்ணுவாய், மருத்துவச் சாமான் கடையில் எடை எழுதி விற்கிறார்கள், அதை வாங்கு என்றார். இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் வரக்கூடிய வேலையை வேண்டாம் என்று சொன்னவர் அவர். வாங்கிக்கொண்டு வா, சக்கரம் கட்டிலுக்கடியில் போகவில்லை என்றால் கட்டில் காலை உயர்த்தித் தருகிறேன் என்றும் சொன்னார்.

எனக்கும் அந்தப் பாதிக்குப் பாதி இருக்கிறது. நான் இன்னும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. யார் கையில் ஒரு நாள் என் வீட்டு அளவைக் கொடுப்பேன் என்று கேட்டால் இவர்கள் கையில்தான்.

இப்போது கையிருப்பு அந்த 900 வெள்ளி. எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும், கீழே சக்கரம் உள்ள தூக்கி ஒன்று பட்டையோடு சேர்த்து 2,600 என்று ஈப்போவில் விலை சொல்லியிருக்கிறார்கள். மீதி 1,700-க்கு மறுபடி பிரியாணிக் கூப்பன் போடுகிறோம், விலைப்பட்டியல் வழக்கம்போல் குழுவில் வரும். பட்டறைக்குப் போக விரும்புகிறவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள், வழி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். போகும்போது உங்கள் ஆளின் நாற்காலி அகலத்தையும் வாசற்படி உயரத்தையும் எழுதிக் கொண்டுபோங்கள். முடிந்தால் தெரப்பிஸ்ட் எழுதிய தாளையும். மகன் இருந்தால் அவரிடம் பேசுங்கள், ஃபோர்மேனிடம் தமிழிலேயே சொல்லலாம்.